பினாங்கில் நாம் நின்று சாப்பிட வேண்டிய இடங்கள்

தம்பி,

உன் அட்டை கிடைத்தது. நீ உயிரோடு இருக்கிறாய். மூன்றே முக்கால் வருடமாக நானும் உன் அம்மாவும் ஒருவரையொருவர் கேட்கப் பயந்திருந்த கேள்விக்கு ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டாய். வியாழக்கிழமை காலை தபால் பையை அவிழ்த்து மேசையில் கொட்டினேன். மேலே கிடந்த கட்டைப் பிரித்தால் மூன்றாவதாக உன் கையெழுத்து. முப்பத்தாறு வருடமாக ஊராருடைய கடிதங்களைப் பிரித்து அடுக்கிய கை இது. அன்றைக்கு ஓர் அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது உங்கட வீட்டுக் கடுதாசியெல்லோ? நீங்கள் போங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். குடையைத் தபால் கந்தோரிலேயே மறந்துவிட்டு, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் சைக்கிளை உருட்டாமல் மிதித்தே ஏறினேன். என் வயதுக்கு அது மடத்தனம். முழங்கால் இன்னும் வலிக்கிறது.

அம்மா குசினியில் இருந்தாள். அட்டையை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். 'நான் உயிரோடு இருக்கிறேன். பழைய இடத்தில்தான். சுகம். யோசிக்க வேண்டாம். ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாய். நான் முடித்ததும் அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, இவ்வளவு நாளும் என்ன சாப்பிட்டவனாம்?" என்று கேட்டாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். "அதைப் பற்றி எழுதேல்லை" என்றேன். "எப்பிடி எழுதுவான்? நீங்கள்தானே எழுதாதை எண்டு சொன்னனீங்கள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். நான் கதிரையில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தவன் வெகுநேரம் எழும்பவில்லை. அந்தக் கதிரையில் இருந்து எடுத்த முடிவைத்தான் உனக்கு எழுதுகிறேன். நான் பினாங்குக்கு வருகிறேன். அம்மாவும் வருகிறாள். உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு அல்ல. ஊர் பார்க்கவும், தெருவில் நின்று சாப்பிடவும் வருகிறோம். சிரிக்காதே. இந்தப் பயணத்துக்கு நான் இரண்டு வருடமாகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் பழைய கதைகள் சிலதைப் பேசித் தீர்க்க வேண்டும். உனக்குப் பதினான்கு வயது. கிண்ணியாத் தோணிகள் வந்து கட்டுகிற ஜெட்டியடியில் பாத்தும்மா ராத்தா பெட்டியைப் பரப்பி வைத்து இடியப்பமும் மீன் ஆணமும் விற்றுக்கொண்டிருப்பார். கிண்ணியா முஸ்லிம்கள் மீன் குழம்பை ஆணம் என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள். ஒரு நாள் மத்தியானம் கப்பல் தபாலை எடுக்கப் போன நான், அங்கே நீ வாழையிலைத் துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாய் நிறைய மென்றபடி நிற்பதைக் கண்டேன். நம் வீட்டுக் குசினிக்கு வெளியே வெந்தது வாய்க்குள் போகக் கூடாது என்பது என் ஐயா எனக்கு வைத்த சட்டம். நான் அதை உனக்கு வைத்தேன். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் கையில் இருந்த இலையைத் தட்டி மண்ணில் விழுத்தினேன். ராத்தா குனிந்து அந்த இலையைப் பொறுக்கினார். வீட்டுக்கு இழுத்து வந்து, வேலிக்கு மேலால் அயலட்டை பார்த்துக்கொண்டு நிற்க, கிணற்றடியில் உன்னை வாய் கொப்பளிக்க வைத்தேன். ஏழு தரம். நீ அழவில்லை. ஏழாவது தரம் துப்பிவிட்டு, "ஐயா, மணம் இன்னும் போகேல்லை" என்றாய். அதற்கு ஓர் அடியும் வாங்கினாய். அன்று உன் அம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள் என்பதைப் போன வாரம்தான் எனக்குச் சொன்னாள்.

பிறகு நீ வளர்ந்து, கிளாக்கர் வேலை கிடைத்துப் பினாங்குக்குக் கப்பலேறினாய். முதல் வருடம் நீ எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றும் நாலைந்து தாள் இருக்கும். ஜெட்டிக்குப் பக்கத்தில் உள்ள மணிக்கூண்டு, மலை ஏறுகிற றெயில், பாம்புகள் சுருண்டு கிடக்கிற கோயில், காவடி தூக்குவது போல இரண்டு பக்கமும் பானை கட்டித் தோளில் சுமந்து வந்து சோறு விற்கிறவர்கள் என்று அம்மாவுக்கு அந்த ஊர் முழுவதையும் காட்டினாய். அவளுக்கு வாசித்துக் காட்டுகிற நான், சாப்பாட்டுப் பகுதி வரும்போது மட்டும் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பந்திக்குத் தாவுவேன். கடைசியில் லக்சாக் கடிதம் வந்தது. அது இப்போது என் முன்னால் இருக்கிறது. 'ஐயா, இங்கே லக்சா என்று ஒரு சாப்பாடு. இடியப்பத்தைக் கொஞ்சம் தடிப்பாகப் பிழிந்து, புளி விட்டுக் கொதிக்க வைத்த மீன் குழம்பில் மூழ்கவிட்டுத் தருகிறார்கள். எனக்குப் பாத்தும்மா ராத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. கிணற்றடிக்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அவரிடம் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன். இப்போது சொன்னால் கோபிக்க மாட்டீர்கள்தானே? நீங்களும் அம்மாவும் ஒருமுறை வாருங்கள். நான் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் காட்டுகிறேன். இன்னும் மூன்று கடைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.'

நான் கோபித்தேன். அதுவும் எப்படி! கந்தோர் மேசையில் வைத்தே பதில் எழுதினேன். 'தெருநாய் மாதிரி நின்று தின்ற கதையை இனி இந்த வீட்டுக்கு எழுதாதே. எங்களை அழைக்கவும் வேண்டாம்.' மற்றவர்கள் கோபத்தில் கடிதம் எழுதினால் முத்திரை வாங்க வேண்டும், பெட்டி வரைக்கும் நடக்க வேண்டும். நடக்கிற தூரத்தில் பாதிக் கோபம் ஆறிவிடும். எனக்கோ பை காலடியில் கிடந்தது. மலாயாப் பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையும் நானே குத்தினேன். அரைமணியில் அது கப்பலுக்குப் போய்விட்டது. தம்பி, உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. ஆனாலும் இதை மட்டும் கேள். கோபத்தில் எழுதியதை ஓர் இரவாவது வீட்டில் வைத்திரு. அன்றைக்கு அந்தப் பை என் காலடியில் கிடந்திராவிட்டால் அந்த அடுத்த கடிதம் எனக்கு வந்திருக்கும்.

அது வரவில்லை. அதற்குப் பிறகு நீ எழுதியவை எல்லாம் ஒரு தாளில் நாலு வரி. சுகம், வேலை நடக்கிறது, நமஸ்காரம். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு பெருமைப்பட்டேன் பார், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அம்மா மட்டும், "இது அவன்ட கடுதாசி இல்லை, கந்தோர்க் கடுதாசி" என்று சொல்லி வாங்கி அலுமாரிக்குள் வைப்பாள். பிறகு ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். 'உடனே புறப்பட்டு வா' என்று நான் அனுப்பிய கடிதம் கொழும்பு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. 'சேவை இல்லை' என்கிற முத்திரை நம் கந்தோருக்கும் வந்து சேர்ந்தது. மலாயாவுக்கு யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதைக் குத்தித் திருப்பிக் கொடுப்பது என் வேலையாயிற்று. கையில் பிள்ளையோடு வந்து புருசனுக்குக் கடிதம் நீட்டிய பெண்ணுக்கும் அதைத்தான் செய்தேன்.

அடுத்த சித்திரை வருடப் பிறப்புக்கு நாலைந்து நாள் இருக்க, ஒரு காலையில் எங்கள் தலைக்கு மேலேயும் குண்டு விழுந்தது. துறைமுகப் பக்கம் முழுவதும் கறுப்புப் புகை. சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்கியது. நானும் அம்மாவும் குச்சவெளியில் உள்ள அவளுடைய ஆட்களிடம் போவதென்று வடக்கே நடந்தோம். சல்லியைத் தாண்டும்போது அம்மா முத்துமாரி அம்மன் கோயில் பக்கம் திரும்பி, உன் பெயரைச் சொல்லி நேர்த்தி வைத்துத் தாலிக்கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெயில் ஏறிவிட்டது. நாங்கள் கொண்டுவந்த கட்டுச்சோற்றை எங்கே தவறவிட்டோம் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு மரத்தடியில் அம்மா இருந்துவிட்டாள். "இனி என்னால ஏலாது" என்றாள்.

அந்த மரத்துக்கு மறுபக்கம் மூன்று கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவர் பாத்தும்மா ராத்தா. கிண்ணியாவுக்குத் தோணி ஓடவில்லை என்று அவரும் சனத்தோடு சனமாக அந்த வீதியால் வந்திருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு ஆள் விளங்கிவிட்டது, எனக்கும் விளங்கியது. ஒரு சிரட்டையில் கஞ்சியை வார்த்து முதலில் அம்மாவிடம் கொடுத்தார். இன்னொன்றை எனக்கு நீட்டினார். நான் தயங்கினேன் தம்பி. ஊர் எரிகிறது, பெண்சாதி மயங்கி விழப் பார்க்கிறாள், அப்போதும் நான் தயங்கினேன். அவர், "ஐயா, வெறும் வகுத்தோட எவ்வளவு தூரம் நடப்பீங்க? குடிங்க. வாய் கொப்பளிக்கத்தான் இங்க தண்ணி இல்ல" என்றார். குடித்தேன். தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி, உப்புக் கொஞ்சம் கூட. குடித்து முடித்ததும், "மகன் சொகமா இரிக்காரா? கப்பலேறுற அண்டைக்கும் எங்கிட்டத்தான் திண்டுட்டுப் போனாரு. ஐயா பேசுவாருண்டு வாயத் துடைச்சித் துடைச்சிப் போனாரு" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சிரட்டையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது" என்றேன். நடு வீதியில், அத்தனை சனத்துக்கு முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னை நினைத்து நான் அழுதது அதுதான் முதல் தரம்.

ஊர் அடங்கி நாங்கள் திரும்பி வந்த பிறகு ராத்தாவும் ஜெட்டியடிக்கு வந்துவிட்டார். அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்குப் போனதால் குரக்கன் மாவில் இடியப்பம் பிழிந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் போய் அவர் முன்னால் நின்றேன். இலையை வாங்கி, நின்றுகொண்டே, என் கந்தோர் ஆட்கள் இரண்டு பேர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டேன். நீ சொன்னது சரிதான், மணம் இலேசில் போகாது. அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போனா எனக்கும் இலையில சுத்தி வாங்கியாருங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

திட்டம் பிறந்தது அதற்கடுத்த வருடம். துறைமுகம் கப்பலால் நிறைந்திருந்த காலம். ஒரு கப்பலில் சமையல்காரராக இருந்த லிம் என்கிற சீனர் என் யன்னலடிக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். விலாசம் பினாங்கு. நான் முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவருடைய கப்பல் திரும்பி வந்தது. அதே கடிதம், அதே முத்திரை. மூன்றாம் தரம் வந்தபோது என்னால் குத்த முடியவில்லை. வெளியே வாங்குப் பலகையில் இருத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ். இரண்டு பேருக்கும் அது இரவல் மொழி. அவருடைய பெண்சாதி ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் லக்சா விற்கிறவர் என்று சொன்னார். நான் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். என் பதிலைப் பற்றியும் சொன்னேன். அவர் ஒரு தந்தித் தாளை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் பினாங்கைக் கீறத் தொடங்கினார். கோட்டையைச் சின்னப் பெட்டியாகப் போட்டார். கோயில்களுக்கு ஒரு புள்ளி. சாப்பாட்டுக் கடைகளுக்கு மட்டும் பெரிய பெரிய வட்டம். ஊரை அறிந்தவர் கீறிய படம் அது.

அதன் பிறகு அவர் வரும்போதெல்லாம் நாங்கள் இந்தப் பயணத்தைத்தான் கதைப்போம். நான் லக்சாவை முதல் நாளே வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டி அதை மூன்றாம் நாளுக்குத் தள்ளினார். கிழவனின் வயிற்றை முதலில் பழக்க வேண்டுமாம். ஆகவே ஒழுங்கு இப்படி. காலையில் ஜெட்டியில் இறங்குவோம். நீ மணிக்கூண்டடியில் நில். ரிக்‌ஷா வேண்டாம், நடப்போம். கோட்டையை வெளியே நின்று பார்த்தால் போதும். பட்டாளம் குடியிருக்கிற கோட்டையை இங்கே தினம் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மாரியம்மன் கோயிலில் அம்மா தேங்காய் உடைக்க வேண்டும், அது சல்லியில் வைத்த நேர்த்தியின் மிச்சம். மத்தியானம் தோளில் சுமந்து வருகிறவரை மறித்துச் சோறு. பின்னேரம் கடற்கரையில் எது விற்கிறார்களோ அது. இரண்டாம் நாள் மலை றெயில். பாம்புக் கோயிலுக்கு நீயும் நானும் மட்டும் போவோம், அம்மா, "பாம்பை நான் இஞ்சையே பாக்கிறன், காசு குடுத்துக் கப்பலேறி வந்தோ பாக்கோணும்?" என்கிறாள். மூன்றாம் நாள் ஆயர் ஈத்தாம், அந்த அடுக்குக் கோபுரம், அதற்குப் பிறகு லிம்முடைய பெண்சாதியின் லக்சா. லிம்மின் கப்பல் போன வருடத்துக்குப் பிறகு இந்தத் துறைக்கு வரவில்லை. கடைசியாக வந்தபோது அந்தப் பழைய கடிதத்தை என்னிடமே தந்துவிட்டுப் போனார். "உனக்கு வழி முதலில் திறந்தால் நீ கொண்டு போ" என்றார். இரண்டு முறை முத்திரை குத்தித் திருப்பிய கடிதத்தை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த அம்மாள் இருக்கிறாரா என்று நீ இப்போதே ஒரு நடை போய்ப் பார்.

கப்பல் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. சனம் ஏறுகிற கப்பல் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. பயணப் பத்திரத்துக்கு எழுதிவிட்டேன். மறுத்தால் மறுபடி எழுதுவேன். இந்த மார்கழியோடு எனக்கு ஓய்வு, ஆகவே கந்தோரின் தடையும் இல்லை. முழங்காலைப் பழக்கத் தினம் காலையில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தை இரண்டு தரம் நடந்து ஏறி இறங்குகிறேன். வயிற்றைப் பழக்க ராத்தா இருக்கிறார். விசயத்தைச் சொன்னதும், "அங்க போய் நல்லாத் திண்டுட்டு வந்து, என்ட ஆணம் பெரிசா அது பெரிசாண்டு உண்மையச் சொல்லணும்" என்றார். உன்னையும் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னார்.

இனி முக்கியமானது. ஆறு வருடத்துக்கு முன் நீ எங்களை அழைத்தாய். நான் வேண்டாம் என்று எழுதினேன். நான் செய்தது பிழை. கிணற்றடியில் செய்தது பிழை, அந்தக் கடிதம் அதைவிடப் பெரிய பிழை. உன் வாயைக் கழுவ வைத்தேன், பிறகு அதை மூடவும் வைத்தேன். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எங்கேயாவது நின்று எதையாவது தின்றுவிட்டு வந்தால், எப்படி இருந்தது என்று கேள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாததால்தான், இந்தச் சண்டைக்கால வருடங்களில் நீ எப்படி இருந்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கவும் எனக்கு ஒரு விபரமும் இல்லாமல் போயிற்று. அங்கே அரிசியே இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் என்று கப்பல்காரர் சொல்கிறார்கள். அம்மா அதைக் கேட்டதிலிருந்து மரவள்ளி சமைப்பதில்லை. உன் அழைப்பு இன்னும் நிற்கிறதா என்று நான் கேட்க வேண்டும். கேட்கிறேன். நீ இல்லை என்று எழுதினாலும் வருவேன், மணிக்கூண்டடியில் நிற்பேன். ஓம் என்று எழுதினால் கொஞ்சம் கெதியாக வருவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

லிம்மின் படத்தைப் பார்த்து நான் கீறிய பிரதியை இதற்குள் வைத்திருக்கிறேன். அங்கேயும் குண்டு விழுந்தது என்று கேள்வி. இடிந்துபோனவற்றின் மேல் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பு. கடைகள் எல்லாம் அழிந்து மரவள்ளிக்கிழங்குதான் மிச்சம் என்றால் அதையே வாங்கித் தெருவில் நின்று தின்போம். கீழ் மூலையில் மூன்று வட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். அவற்றில் என்ன எழுதுவது என்று லிம்முக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவை, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்று நீ சொன்ன மூன்று கடைகள். இந்தக் கடிதத்தைக் கோபமில்லாமல் எழுதி, ஓர் இரவு முழுக்க வீட்டில் வைத்திருந்துதான் பையில் போடுகிறேன். அரக்கும் நானே வைக்கிறேன்.

அந்த அடுத்த கடிதத்தை இப்போது எழுது, ராசா. எத்தனை தாள் வந்தாலும் ஒரு பந்தியும் விடாமல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். என்ன சாப்பிட்டாய் என்பதிலிருந்து தொடங்கு.

உன் பதிலுக்காகத் தபால் பையடியில் நிற்கும்,
ஐயா